மெத்தைக்கு அடியில் துப்பாக்கி

புருஷன் பெண்சாதிக்குள் சண்டை வருவதற்குக் காரணமா இல்லை? சாம்பாரில் உப்பு கூடினால் ஒரு சண்டை. நாத்தனார் சீரில் ஒரு பவுன் குறைந்தால் ஒரு சண்டை. மாமியார் ஊரிலிருந்து வந்து நாலு நாள் கூடுதலாகத் தங்கினால் இன்னொரு சண்டை. இவையெல்லாம் காலையில் கிளம்பிச் சாயங்காலக் காப்பிக்குள் அடங்கிவிடுகிறவை. அவ்வளவு சுலபமாக அடங்காத ஒரு தகராறைப் பற்றி இந்த வாரம் உங்களோடு பேச ஆசைப்படுகிறேன், சகோதரிகளே!

வீட்டு எஜமானர் துப்பாக்கி வாங்க வேண்டும் என்கிறார். வாங்கிப் பெட்டியில் பூட்டி வைப்பதற்கு அல்ல. தோட்டா போட்டு, பகலில் காரிலும் இடுப்பிலும், ராத்திரியில் மெத்தைக்கு அடியிலுமாக எப்போதும் கைக்கு எட்டும்படி வைத்துக்கொள்ள வேண்டுமாம். வீட்டு அம்மாள் கூடவே கூடாது என்கிறாள். இரண்டு பேரில் யார் பக்கம் நியாயம்?

“துப்பாக்கியா? அதெல்லாம் சினிமாவில் அல்லவா!” என்று சிரித்துவிடாதீர்கள். திருப்பூர், பல்லடம், காங்கயம் பக்கத்தில் இருக்கிறவர்கள் சிரிக்கமாட்டார்கள். 2024 நவம்பர் மாதக் கடைசியில், பல்லடத்துக்குப் பக்கத்திலுள்ள சேமலைகவுண்டம்பாளையத்தில், ஒரு தோட்டத்து வீட்டில் வயதான தகப்பனாரும் தாயாரும் மகனும் ஒரே ராத்திரியில் கொலையுண்டார்கள். அந்தத் துக்கம் ஆறுவதற்குள், 2025 மே மாதத் துவக்கத்தில், ஈரோடு மாவட்டம் சிவகிரிப் பக்கத்துத் தோட்டத்து வீடொன்றில் முதிய தம்பதி கொலையுண்டு கிடந்தது தெரியவந்தது. கொங்கு நாட்டுத் தோட்டத்து வீடுகள் எப்படி இருக்கும் என்பதுதான் உங்களுக்குத் தெரியுமே! சுற்றிலும் தென்னையும் சோளக்காடும். அடுத்த வீட்டுக்குக் கூப்பிட்டால் கேட்காது. பிள்ளைகள் பனியன் கம்பெனி, ஏற்றுமதி என்று டவுனுக்குப் போய்விட, கிழவனும் கிழவியும் நாயைத் துணைக்கு வைத்துக்கொண்டு படுத்திருப்பார்கள். “தோட்டத்து வீட்டுக்காரர்களுக்குத் துப்பாக்கி லைசென்ஸ் கொடுங்கள்” என்ற கோரிக்கை அப்போது எழுந்ததில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

ஆகவே, பயம் பொய்ப் பயமல்ல. அதை முதலில் ஒப்புக்கொள்வோம். “நீங்கள் வீணாகப் பயப்படுகிறீர்கள்” என்று ஆரம்பிக்கும் எந்த மனைவியும் பாதி வழக்கை அப்போதே தோற்றுவிடுகிறாள்.

இப்போது அப்படியொரு வீட்டை மனத்தில் கற்பனை செய்துகொள்ளுங்கள். அவிநாசி ரோட்டுக்கு உள்ளடங்கி ஒரு சின்ன பனியன் கம்பெனி. இருபது முப்பது தையல் மெஷின், செக்கிங், அயர்னிங் எல்லாம் ஒரே கூரையின் கீழ். சனிக்கிழமையானால் வாரச் சம்பளம். தகப்பனாரும் தாயாரும் காங்கயம் ரோட்டில் தோட்டத்து வீட்டில் இருக்கிறார்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு பேச்சு இப்படிப் போகிறது:

“உனக்கென்ன தெரியும் அம்மிணி? சனிக்கிழமையானா பணத்தைப் பையில வெச்சுக்கிட்டு வர்றவனுக்குத்தான் அந்தப் பயம் தெரியும்.”

“ஏனுங்க, பையனுக்கு நாலு வயசுங்க. பீரோச் சாவி எங்க இருக்குதுன்னு என்னையவிட அவனுக்குத்தானுங்க நல்லாத் தெரியும்.”

“ஏஞ்சாமி, அந்தக் கெரகமெல்லாம் நம்ம ஊட்டுக்கு எதுக்கு?” என்கிறாள் தாயார்.

“அப்ப நாங்க ரெண்டு பேரும் தோட்டத்துல ஒத்தையில படுத்திருக்கறமே, அதுக்கொரு வழி சொல்லு!” என்கிறார் தகப்பனார்.

நாலு பேரும் நாலு விதமாகப் பேசுவதாகத் தோன்றுகிறதல்லவா? உண்மையில் நாலு பேரும் ஒன்றைத்தான் கேட்கிறார்கள்: “நம் வீட்டு மனுஷருக்கு ஒன்றும் ஆகக்கூடாது.” தகராறெல்லாம் துப்பாக்கி அதைச் செய்யுமா என்பதில்தான்.

கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பார்ப்போம். கொள்ளைக்காரன் சொல்லிவிட்டு வருவதில்லை. நாம் அயர்ந்து தூங்கும் நேரத்தில், நாலு பேராக, கையில் ஆயுதத்தோடு வருகிறான். துப்பாக்கியை விதிப்படி பெட்டியில் பூட்டி, தோட்டாவை வேறிடத்தில் வைத்திருந்தால், எழுபது வயதுக்காரர் கண்ணாடியைத் தேடி, சாவியைத் தேடி, பெட்டியைத் திறந்து, தோட்டாவைப் போடுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அதனால்தான் “தோட்டா போட்டே வைத்திருக்கிறேன்” என்கிறார்கள். அப்படி வைத்தால் அது கள்ளனுக்கு மட்டுமா தயாராக இருக்கிறது? விடுமுறைக்கு வரும் பேரனுக்கும் தயார்; பாய் தட்டிப் போடும் வேலைக்காரப் பெண்ணுக்கும் தயார். பத்திரமாக வைத்தால் சமயத்துக்கு உதவாது. சமயத்துக்கு உதவும்படி வைத்தால் பத்திரமில்லை. இந்தச் சிக்கலுக்கு எந்தக் கடையிலும் மருந்து கிடையாது.

“என் கையில் இருக்கும்வரை என்ன ஆபத்து?” என்று கேட்கிறவர்களுக்கு ஒரு சம்பவம். 2024 அக்டோபர் 1-ம் தேதி விடியற்காலையில், இந்தி நடிகர் கோவிந்தா மும்பை வீட்டில் வெளியூர்ப் பயணத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அவருடைய சொந்த ரிவால்வர், லைசென்ஸ் உள்ளது. அது கை தவறி வெடித்து, குண்டு அவர் காலிலேயே பாய்ந்தது. ஆஸ்பத்திரியில் குண்டை எடுத்தார்கள், பிழைத்தார். பக்கத்தில் ஒரு குழந்தை நின்றிருந்தால்?

குழந்தை என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. இதைக் கைப்பை வைத்திருக்கும் ஒவ்வொரு தாயாரும் தெரிந்துகொள்ள வேண்டும். 2014 டிசம்பர் 30-ம் தேதி, அமெரிக்காவில் ஐடஹோ மாகாணத்தில், 29 வயதுத் தாய் ஒருத்தி குழந்தைகளோடு கடைக்குப் போனாள். படித்தவள், அணு ஆராய்ச்சிக் கூடத்தில் உத்தியோகம், துப்பாக்கி பழகியவள். துப்பாக்கி வைப்பதற்கென்றே தனி உறை வைத்துத் தைத்த கைப்பை ஒன்றைக் கிறிஸ்துமஸுக்குக் கணவர் ஆசையாக வாங்கிக் கொடுத்திருந்தார். சாமான் வண்டியில் உட்கார்ந்திருந்த இரண்டு வயதுப் பையன் அந்தப் பைக்குள் கை விட்டான். ஒரே வெடி, தாய் அங்கேயே இறந்தாள். அந்தப் பையன் வளர்ந்து பெரியவனாகும்போது அவனிடம் என்ன சொல்வது, சொல்லுங்கள்!

“குழந்தைக்கு விசையை இழுக்க பலம் ஏது?” என்பார்கள். இரண்டு வயதுக்குப் பலம் இருந்தது. “மேகஸினைக் கழற்றிவிட்டேன், துப்பாக்கி காலி” என்பார்கள். மேகஸின் வைத்த பிஸ்டலில், அதைக் கழற்றிய பிறகும் குழலுக்குள் ஒரு தோட்டா தங்கியிருக்கலாம். காலி என்று எண்ணிய துப்பாக்கிதான் உலகத்தில் நிறையப் பேரைக் கொன்றிருக்கிறது.

சரி, வெளியிலிருந்து வருகிறவன் கதை இருக்கட்டும். ராத்திரி கதவுக்கு அந்தப் பக்கம் நிற்பவன் கள்ளன்தான் என்று எப்படித் தெரியும்? தென் ஆப்பிரிக்காவில் ஆஸ்கர் பிஸ்டோரியஸ் என்ற ஓட்டப் பந்தய வீரர் உலகப் புகழோடு இருந்தார். 2013 பிப்ரவரி 14-ம் தேதி விடியுமுன், குளியலறைப் பக்கம் சத்தம் கேட்டு, பூட்டிய கதவு வழியாக நாலு முறை சுட்டார். திருடன் என்று நினைத்ததாகக் கோர்ட்டில் சொன்னார். உள்ளே இறந்து கிடந்தது அவருடைய காதலி. கோர்ட் கடைசியில் கொலைக் குற்றம் என்றே தீர்ப்பளித்தது. அந்த வழக்கு எப்படியிருந்தாலும், நம் வீட்டுக்கு அதில் ஒரு கேள்வி இருக்கிறது. நைட் ஷிப்ட் முடிந்து அட்வான்ஸ் கேட்டு வரும் தொழிலாளி, ஹாஸ்டலிலிருந்து சொல்லாமல் கிளம்பி வரும் மகன், பால் கறக்க இருட்டோடு வரும் ஆள்: இவர்களெல்லாம் இருட்டில் நிழல்கள்தானே? அதிலும் வதந்தி பரவியிருக்கும் நாட்களில் நிழலெல்லாம் எதிரியாகத் தெரியும். 2023 மார்ச் மாதத்தில், வடமாநிலத் தொழிலாளர்களை இங்கே அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவித் திருப்பூரில் எவ்வளவு பீதி கிளம்பியது! பீகாரிலிருந்து அதிகாரிகளே வந்து விசாரித்துப் போனார்கள். பயந்த மனுஷன் கையில் கைவிளக்கு இருந்தால் முகத்தைப் பார்ப்பான், துப்பாக்கி இருந்தால்?

இதையெல்லாம்விடப் பேசத் தயங்குகிற விஷயம் ஒன்று உண்டு. கள்ளன் வராத ராத்திரிகள்தான் வருஷத்தில் அதிகம். அந்த ராத்திரிகளில் வீட்டில் நடப்பது என்ன? சில வீடுகளில் குடி. சில வீடுகளில் சொத்துத் தகராறு. எல்லா வீடுகளிலும் எப்போதாவது ஆத்திரம். 2025 ஆகஸ்டு முதல் வாரத்தில், உடுமலைப்பேட்டைப் பக்கம் குடிமங்கலம் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் தகப்பனுக்கும் மகன்களுக்கும் ராத்திரித் தகராறு. விலக்கிவிடப் போன சிறப்பு உதவி ஆய்வாளர் அங்கேயே வெட்டிக் கொல்லப்பட்டார். ஆத்திரம் கைக்கு எட்டியதைத்தான் எடுக்கும். நம் தமிழ்நாட்டுச் சரித்திரத்திலேயே பாருங்கள்: 1967 ஜனவரி 12-ம் தேதி, பேச வந்த இடத்தில் எம்.ஆர். ராதா எம்.ஜி.ஆரைச் சுட்டார். இருவருக்குமே குண்டுக் காயம். இருவருமே பிழைத்தது நம் பாக்கியம். ஆனால் எம்.ஜி.ஆரின் குரல் பழையபடி திரும்பவே இல்லை. அவர்கள் அன்னியர்களா? எத்தனையோ வருஷம் ஒன்றாக நடித்தவர்கள்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில் இதைக் கணக்கெடுத்தே பார்த்திருக்கிறார்கள். 2004 முதல் 2016 வரை நடந்ததை ஆராய்ந்து 2022-ல் வெளியிட்டார்கள். கைத்துப்பாக்கி வைத்திருப்பவரோடு ஒரே வீட்டில் குடியிருந்தவர்கள், துப்பாக்கி இல்லாத வீட்டுக்காரர்களைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமாகக் கொலையுண்டிருந்தார்கள். வாழ்க்கைத் துணையின் கையால் சுடப்பட்டு இறப்பது மட்டும் ஏழு மடங்கு. அப்படி இறந்தவர்களில் 100-க்கு 84 பேர் பெண்கள். நம் ஊர் அமெரிக்கா அல்ல என்பது வாஸ்தவம். ஆனால் ஆத்திரத்துக்கு ஊர் உண்டா?

ஆத்திரத்துக்கு மட்டுமல்ல, சோர்வுக்கும் இதே கதிதான். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவிகிதம் வரி போட்டபோது திருப்பூரில் எத்தனை பேருக்கு ஆர்டர் நின்றது, எத்தனை வீட்டில் தூக்கம் போனது! தொழில் என்றால் மேடு பள்ளம் இருக்கும். பள்ளத்தில் இருக்கும் மனுஷனுக்கு ஒரு பொல்லாத நிமிஷம் வரும். அந்த நிமிஷத்தைத் தாண்டிவிட்டால் விடிந்துவிடும். பேச ஆள் கிடைத்துவிடும். தோட்டா போட்ட துப்பாக்கி அந்த நிமிஷத்தைத் தாண்ட விடாது. உங்கள் வீட்டில் அப்படி யாராவது சோர்ந்திருந்தால், 104 அல்லது 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். ஆறுதலாகப் பேசுவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள்.

“பெண்களுக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது” என்று யோசனை சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். 2014 ஜனவரியில் கான்பூர் அரசாங்க ஆயுதத் தொழிற்சாலை பெண்களுக்கென்றே ‘நிர்பீக்’ என்ற ரிவால்வரைக் கொண்டுவந்தது. எடை அரைக் கிலோ, கைப்பைக்குள் அடங்கும். விலை 1,22,360 ரூபாய்! அந்த விலையைக் கேட்டதும் எத்தனை தையல்காரப் பெண்களுக்குச் சிரிப்பு வந்திருக்கும்! ராத்திரி ஷிப்ட் முடிந்து போகிறவளுக்கு வேண்டியது தெருவிளக்கும் கம்பெனி வேனும் அல்லவா?

இனிச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். வீட்டில் தகராறு வரும்போது நமக்கும் நாலு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி, லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். 21 வயது நிறைந்திருக்க வேண்டும். போலீஸ் விசாரணை உண்டு. 2016-ம் வருஷத்து விதிகள்படி பயிற்சியும் வேண்டும், உடம்பும் மனமும் சரியாக இருப்பதற்கு டாக்டர் சர்ட்டிபிகேட்டும் வேண்டும். பொது இடத்தில் கொண்டுபோனால் உறையிலிட்டு, வெளியே தெரியாமல் முழுக்க மூடியிருக்க வேண்டும். 2019-ல் சட்டத்தைத் திருத்தி, ஒருவருக்கு மூன்று துப்பாக்கி என்றிருந்ததை இரண்டாகக் குறைத்தார்கள். லைசென்ஸ் காலத்தை 3 வருஷத்திலிருந்து 5 வருஷமாக்கினார்கள். கல்யாணம், திருவிழா என்று வானத்தை நோக்கிச் சுட்டு மற்றவர் உயிருக்கு ஆபத்து விளைவித்தால் 2 வருஷம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

முக்கியமான ஒன்றைப் பெரும்பாலும் யாரும் நமக்குச் சொல்வதில்லை. லைசென்ஸ் ஆளுக்குத்தான், வீட்டுக்கு அல்ல. அவர் கம்பெனிக்குப் போனபின் தனியாக இருக்கும் மனைவிக்கோ தாயாருக்கோ அந்தத் துப்பாக்கியைக் கையாள லைசென்ஸ் கிடையாது. போகட்டும், தேர்தல் அறிவித்துவிட்டால் பெரும்பாலோர் அதைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கவும் வேண்டும். “தேர்தல் முடியற மட்டும் கள்ளன் லீவுங்களா?” என்று உங்கள் மாமியார் கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்!

அப்படியானால் பயத்துக்கு என்ன வழி? “வேண்டாம்” என்று சொல்பவள் வேறு வழியும் சொல்ல வேண்டும். சனிக்கிழமைச் சம்பளத்தைத் தொழிலாளர் பாங்குக் கணக்கில் போட்டுவிட்டால் பணப்பையும் இல்லை, அதற்குக் காவலும் வேண்டாம். ரொக்கம் கொண்டுவர வேண்டியிருந்தால், ஒரே நேரம் ஒரே வழி என்றில்லாமல் மாற்றி மாற்றி, துணைக்கு ஓர் ஆளோடு வரலாம். தோட்டத்து வீட்டில் நகையை வைக்காமல் பாங்கு லாக்கரில் வைக்கலாம். வாசலிலும் கிணற்றடியிலும் ராத்திரி முழுக்க எரியும் விளக்கு, ஒரு காமிரா, பக்கத்துத் தோட்டங்களுக்கெல்லாம் கேட்கும் ஒரு சைரன், சத்தம் கேட்டால் வெளியே வராமல் உள்ளிருந்தபடியே போன் செய்வது என்று ஒரு வழக்கம்: இவை எல்லாம் சேர்ந்தும் ஒரு ரிவால்வர் விலை ஆகாது. போலீஸுக்கு 112, ‘காவல் உதவி’ என்ற செயலியும் இருக்கிறது. ராத்திரி ரோந்து எங்கள் பக்கமும் வர வேண்டும் என்று தோட்டத்துக்காரர்கள் சேர்ந்து மனுக் கொடுக்கலாம். எல்லாவற்றிலும் மேலாக, ராத்திரி ஒன்பது மணிக்கு மகன் தகப்பனாருக்குப் போன் செய்து இரண்டு வார்த்தை பேசட்டும். தனியே படுத்திருக்கும் கிழவருக்கு அதைவிடப் பெரிய தைரியம் வேறில்லை.

இத்தனைக்கும் பிறகு, “இல்லை, வாங்கித்தான் தீருவேன்” என்று அவர் நின்றால்? அப்போது நீங்கள் நாலு நிபந்தனைகளில் உறுதியாக நில்லுங்கள். முதலாவது, வீட்டு வாசற்படிக்குள் அது தோட்டாவோடு வரக்கூடாது. துப்பாக்கி ஒரு பூட்டில், தோட்டா இன்னொரு பூட்டில். இரண்டாவது, குடித்த அன்றைக்கு அதைத் தொடக்கூடாது. மூன்றாவது, விருந்தாளிக்கும் சிநேகிதருக்கும் காட்டுகிற பொம்மையாக அது ஆகக்கூடாது; கண்டதைக் குழந்தை கற்றுக்கொள்ளும். நாலாவது, கோபத்தில் ஒரு தடவை அதன் பேரை எடுத்தாலும், மறுநாளே லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

இந்த நாலாவதை லேசாக எண்ணாதீர்கள். “சுட்டுவிடுவேன்” என்பது வீட்டில் சொல்லக்கூடிய வார்த்தையே அல்ல. சும்மா மிரட்டினேன் என்று சமாதானம் சொன்னாலும் ஏற்காதீர்கள். பிறந்த வீட்டாரிடம் சொல்லுங்கள். 181 என்ற மகளிர் உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். 2005-ம் வருஷத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி கோர்ட்டில் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். லைசென்ஸ் கொடுத்த அதிகாரிக்கு அதை நிறுத்திவைக்கவும் ரத்துச் செய்யவும் அதிகாரம் உண்டு. மானம் போய்விடும் என்று மௌனமாக இருந்து உயிரை விடுவதில் எந்தக் குடும்பத்துக்கும் மானம் இல்லை.

துப்பாக்கி வாங்குவது அவர் பணமாக இருக்கலாம். லைசென்ஸும் அவர் பேரில் இருக்கலாம். ஆனால் அதோடு ஒரே கூரையின் கீழ் படுத்து எழுந்திருக்கப் போவது வீட்டில் எல்லோரும்தானே? ஆகையால் அதை முடிவு செய்வதும் எல்லோருமாகத்தான் இருக்க வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை கம்பெனிக்கு லீவு. சாப்பாடு முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில், கோபமில்லாமல், அவரை ஒன்றே ஒன்று கேளுங்கள்: “ஏனுங்க, பூட்டி வெச்சா உங்களுக்கு உதவாது, பூட்டாம வெச்சாக் குழந்தைக்கு ஆபத்து. எங்க வெக்கலாமுன்னு நீங்களே ஒரு எடம் காட்டுங்க!”

வீட்டைச் சுற்றிப் பார்க்கட்டும். பீரோ, மெத்தை, காரின் முன்பெட்டி, சாமி மாடம் வரை தேடட்டும். அப்படி ஓர் இடம் அவருக்கு அகப்படவில்லையென்றால், உங்கள் வீட்டுத் தகராறு அன்றைக்கே நல்லபடியாகத் தீர்ந்தது.